நடிகரோடு ஒரு மாலை, குழந்தைகளுக்காக: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒரு நடிகரை ஊருக்கு வரவழைத்து, மண்டபத்தில் இரண்டு மணி நேரம் மனம்விட்டுப் பேச வைத்து, நுழைவுச்சீட்டிலும் நன்கொடையிலும் சேரும் பணத்தை ஆதரவு தேவைப்படும் குழந்தைகளுக்குக் கொடுக்கும் மாலை நிகழ்ச்சிகளில் நாங்கள் சிலர் கூடமாட வேலை செய்கிறோம். நடத்த நினைப்பவர்களும் சரி, சீட்டு வாங்கி வர நினைப்பவர்களும் சரி, திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம். ஒரு விஷயத்தில் மட்டும் யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்க மாட்டோம். மேடை நடிகருக்கு, பணம் குழந்தைக்கு. உதவி வாங்கும் குழந்தையை மேடையில் ஏற்ற மாட்டோம்.

நிகழ்ச்சியில் என்னதான் நடக்கும்? பாட்டு, டான்ஸ் உண்டா?

கிடையாது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, இரண்டு மைக். உள்ளூர்க்காரர் ஒருவர், பெரும்பாலும் அரசுப் பள்ளி ஆசிரியர், கேள்வி கேட்பார். நடிகர் தன் சின்ன வயது, படிப்பு, வாய்ப்புக்காக அலைந்த காலம், யார் கைகொடுத்தார்கள் என்பதையெல்லாம் பேசுவார். கடைசி அரை மணி நேரம் பார்வையாளர்கள் கேட்கலாம். தருமபுரி புத்தகத் திருவிழாவில் ராத்திரி வரை உட்கார்ந்து பேச்சுக் கேட்கிற ஊர் இது. பேச்சு நன்றாக இருந்தால் யாரும் டான்ஸ் எங்கே என்று கேட்பதில்லை.

யாருக்காக இந்தப் பணம்? அநாதைக் குழந்தைகளுக்கா?

அப்பா அம்மா இருவரையும் இழந்த குழந்தைகள் உண்டு. ஆனால் நம் பக்கத்தில் அவர்களைவிட அதிகமாகக் கண்ணில் படுபவர்கள் வேறு. பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெற்றோர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கும் போய்விடுகிறார்கள். பிள்ளைகள் பாட்டி வீட்டில். பாட்டிக்கு உடம்பு முடியாமல் போனால், எட்டாவது படிக்கும் பெண்தான் தண்ணீர் பிடித்து, சோறாக்கி, தம்பியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கடைசியாகத் தான் கிளம்புவாள். பாதி நாள் கிளம்ப மாட்டாள். இரண்டு மாதத்தில் வருகைப் பதிவேட்டில் பெயருக்கு நேராகக் கோடு விழுகிறது. அடுத்து வீட்டில் கல்யாணப் பேச்சு வருகிறது.

குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006இல் வந்தது. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் நம் இரண்டு மாவட்டங்களிலும் குழந்தைத் திருமணம் நிற்கவில்லை. பத்தாவது முடித்த பெண்ணை வீட்டில் வைத்திருக்கப் பயப்படும் அம்மாவைத் திட்டுவதைவிட, அந்தப் பெண் பதினொன்றாவது போக விடுதியும் பஸ்ஸும் ஏற்பாடு செய்வதுதான் பலன் தருகிறது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கத்துக் காட்டோரக் கிராமங்களிலும், சித்தேரி, வத்தல்மலை மாதிரி மலை ஊர்களிலும், பல பிள்ளைகள் உயர்வகுப்பு என்றாலே ஊரை விட்டு வெளியே போக வேண்டும். அந்த இடத்தில்தான் படிப்பு அறுந்து போகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001இல் தருமபுரிக்கும் வந்தது. அப்போது கிருஷ்ணகிரியும் தருமபுரி மாவட்டத்துக்குள்தான் இருந்தது, 2004இல்தான் பிரிந்தது. அந்தக் காலத்தில் பிறந்த பெண் குழந்தைகளுக்கு இன்று இருபது வயதுக்கு மேல் ஆகிறது. உயிர் பிழைத்ததோடு ஒரு பெண்ணின் கதை முடிந்துவிடாது. அவள் படித்து, சொந்தக் காலில் நிற்கும் வரைக்கும் ஊர் கூட இருக்க வேண்டும் என்று நாங்கள் நம்புகிறோம்.

அரசே மாதாமாதம் பணம் தருகிறதே, நீங்கள் எதற்கு?

தருகிறது, நல்ல திட்டங்கள்தான். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவில் தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில், பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவர் பராமரிக்க முடியாத நிலையில் உள்ள குழந்தைகளுக்கும் 18 வயது வரை மாதம் 2,000. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000. தொழிற்கல்வியில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு.

ஆனால் இவை கைக்கு வந்து சேரக் காகிதம் வேண்டும். இறப்புச் சான்று, வருமானச் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு. அப்பா இறந்திருந்தால் சான்று கிடைக்கும். வேலைக்குப் போனவர் திரும்பி வரவே இல்லை என்றால்? அவர் செத்தாரா, வேறு குடும்பம் வைத்துக்கொண்டாரா என்று யாருக்கும் தெரியாது. கணவரால் கைவிடப்பட்டவர் என்ற சான்றை அந்த அம்மா தாலுகா அலுவலகத்தில் வாங்கியாக வேண்டும். கூலி வேலை செய்பவருக்கு அலுவலகத்துக்கு ஒவ்வொரு முறை போவதும் ஒரு நாள் கூலி நஷ்டம். எங்கள் பணத்தில் ஒரு பங்கு இதற்கே போகிறது: கூடப் போய் மனு எழுதிக் கொடுப்பது, பஸ் செலவு, அன்றைய கூலி. இன்னொரு பங்கு, அரசுப் பணம் வரத் தொடங்கும் வரை இடைப்பட்ட மாதங்களைச் சமாளிக்க. கல்லூரியில் சேரும் முதல் வாரத்தில் விடுதி முன்பணம், பெட்டி, படுக்கை, இரண்டு செட் துணி என்று ஒரேயடியாக விழும் செலவும் உண்டு. மெரிட்டில் இடம் கிடைத்த பிள்ளை அந்தச் செலவுக்குப் பயந்து போகாமல் நின்றுவிடுவதுதான் எங்களுக்கு நெஞ்சு பொறுக்காத விஷயம்.

ஒரு கணக்கு: மாதம் 4,000 என்றால் வருடத்துக்கு 48,000. ஒரு லட்சம் சேர்ந்தால் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு வருடம். அரங்கம் நிறைந்து கைதட்டிய பிறகும் இந்தக் கணக்கைத்தான் மனதில் வைத்திருக்க வேண்டும்.

குழந்தைகளை மேடையில் ஏற்றினால்தானே மனம் இளகிப் பணம் கொடுப்பார்கள்?

அதிகம் கேட்கப்படுவதும், எங்களுக்குச் சண்டை வருவதும் இந்த இடத்தில்தான். நல்ல மனசுக்காரர்கள்தான் கேட்கிறார்கள் என்பதும் தெரியும்.

வழக்கமாக நடப்பதைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரு பெண் குழந்தை, ஒன்பது பத்து வயது. தலையில் எண்ணெய் வைத்து, யாரோ கொடுத்த புதுக் கவுன், முதுகுப் பக்கம் விலைச் சீட்டைக் கிழித்த நூல் தொங்குகிறது. கையில் அவள் உயரத்துக்கு ஒரு அட்டைக் காசோலை. அதைப் பிடிக்கத் தெரியாமல் அவள் முகத்தையே மறைத்துக்கொள்கிறாள். போட்டோக்காரர் "கீழ இறக்கு பாப்பா, மூஞ்சி தெரியணும், சிரி" என்கிறார். மைக்கில் ஒருவர், "இந்தக் குழந்தையின் தந்தை குடித்தே..." என்று ஆரம்பிக்கிறார். அரங்கில் உச்சுக் கொட்டுகிறார்கள். மூன்றாவது வரிசையில் அவள் வகுப்புப் பையன் உட்கார்ந்திருக்கிறான். திங்கட்கிழமை அவள் பள்ளிக்குப் போக வேண்டும்.

அவள் அப்பாவைப் பற்றி ஊருக்குச் சொல்ல அவளிடம் யார் அனுமதி கேட்டார்கள்? பணம் கொடுக்கிறோம் என்பதற்காக அவளுடைய கஷ்டம் நமக்குச் சொந்தமாகிவிடாது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74: பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என்று அடையாளம் தெரியும்படி எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மேடையில் நிறுத்திய குழந்தை அன்று ராத்திரியே வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றும் காலம் இது.

அப்புறம், மனம் இளகுவதற்கு வேறு வழி இருக்கிறது. நடிகர் தன் கதையைச் சொல்லட்டும். ஃபீஸ் கட்ட முடியாமல் வகுப்புக்கு வெளியே நின்றதை, வளர்ந்து ஆளான ஒருவர் தன் விருப்பப்படி சொன்னால் அதில் யாருக்கும் அவமானம் இல்லை. கேட்பவர்கள் கை தானாகவே பைக்குப் போகிறது. நாங்கள் பார்த்திருக்கிறோம்.

அப்படியென்றால் குழந்தைகள் வரவே கூடாதா?

தாராளமாக வரலாம், அவர்களுக்கும் சினிமா பிடிக்கும். ஆனால் தனி வரிசை, தனி பேட்ஜ், "இவர்கள்தான் அந்தக் குழந்தைகள்" என்ற அறிவிப்பு எதுவும் இருக்காது. பாட்டியோடு, சித்தியோடு வந்து எல்லோருடனும் உட்கார்வார்கள். எல்லோருக்கும் கொடுக்கும் அதே டிபன்தான் அவர்களுக்கும். கேள்வி கேட்க மைக் வேண்டுமென்றால் கை தூக்கினால் போதும். ஒருமுறை ஒரு சிறுமி, அழும் காட்சியில் நிஜமாகவே அழுவீர்களா என்று கேட்டாள். நடிகர் பத்து நிமிடம் பதில் சொன்னார். கேட்டது யார் என்று அரங்கில் யாருக்கும் தெரியாது. அவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அவள் பாட்டிக்கும் எங்களுக்கும் தெரியும்.

போட்டோ, வீடியோ எடுக்கலாமா?

நடிகரை எடுங்கள். உங்கள் பிள்ளையோடு செல்ஃபி எடுங்கள். அடுத்தவர் பிள்ளை ஃபிரேமில் வந்தால் போடாதீர்கள். முகத்தை மங்கலாக்கிவிட்டோம் என்பது போதாது. சீருடை, ஊர்ப் பெயர், அப்பாவின் தொழில் மூன்றும் சேர்ந்தால் கிராமத்தில் யாரென்று உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இதற்கு நடிகர் எதற்கு? நேராக வசூல் செய்யலாமே?

செய்யலாம், செய்கிறோம். ஆனால் ஒரு நடிகர் சொன்னால் நம் ஜனங்கள் காது கொடுக்கிறார்கள். இது நம் ஊரில் மட்டும் இல்லை. யுனிசெஃப் 1954இலேயே டேனி கே என்ற ஹாலிவுட் நடிகரைத் தன் முதல் தூதராக்கியது. நம் பக்கம் 2017இல் யுனிசெஃப் சார்பில் திரிஷா குழந்தை உரிமைக்காகக் குரல் கொடுக்க வந்தார். சூர்யாவின் அகரம் 2006இல் தொடங்கியது. 2010இலிருந்து அதன் விதைத் திட்டம், குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரி போகும் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறது. ராகவா லாரன்ஸ் குழந்தைகளுக்கு இல்லம் நடத்துகிறார், இதய அறுவை சிகிச்சைகளுக்கு உதவியிருக்கிறார். கொடுத்துக் கொடுத்தே பெயர் வாங்கிய கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனை நம் தாத்தாக்கள் இன்றும் சொல்வார்கள்.

பெரிய நட்சத்திரம்தான் வேண்டும் என்றில்லை. குணச்சித்திர வேடம் செய்பவர், நகைச்சுவை நடிகர், நாடகத்திலிருந்து வந்தவர் ஆகியோர் பேச்சில் பல சமயம் அசத்திவிடுகிறார்கள். கூட்டமும் அளவோடு இருக்கும்.

நடிகருக்குப் பணம் கொடுப்பீர்களா?

பேசுவதற்குக் கொடுப்பதில்லை. வண்டி, தங்குமிடம், சாப்பாடு, கூட வரும் உதவியாளர் செலவு உண்டு, அதை ஒரு புரவலர் தனியாக ஏற்றுக்கொள்ளும்படி முன்கூட்டியே பேசிவிடுகிறோம். சீட்டுப் பணத்தில் அது வராது. சால்வை, மாலை, ஆளுயரக் கேடயம் எதுவும் வேண்டாம் என்றும் சொல்லிவிடுவோம். பத்துப் பேர் பொன்னாடை போர்த்தினால் இருபது நிமிடம் போய்விடும்.

பயணத்தைப் பற்றி: கிருஷ்ணகிரி ஊருக்கு ரயில் நிலையம் இல்லை. சென்னையிலிருந்து சாலை வழியாகச் சுமார் 250 கிலோமீட்டர். பெங்களூரு வரை விமானத்தில் வந்து ஓசூர் வழியாக வருபவர்கள், அத்திப்பள்ளி நெரிசலுக்குத் தனியாக ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். சேலத்தில் இறங்கி வந்தால் தொப்பூர் கணவாய். அங்கே விபத்து எத்தனை நடந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். நேரமாகிவிட்டது என்று டிரைவரை விரட்டாதீர்கள், கூட்டம் காத்திருக்கட்டும்.

எந்த மாதம், எத்தனை மணிக்கு வைத்தால் நல்லது?

முகூர்த்த நாட்களில் மண்டபம் கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை தாங்காது. ஆடி மாதம் மண்டபங்கள் காலியாக இருக்கும், பேசினால் குறைத்துக் கொடுப்பார்கள். ஆனால் ஆடிப்பெருக்கை ஒட்டி வேண்டாம், வண்டியெல்லாம் ஒகேனக்கல் பக்கம் போய்விடும். மார்ச், ஏப்ரலில் பொதுத்தேர்வு. கிருஷ்ணகிரியில் மாங்கனிக் கண்காட்சி நாட்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாலை ஐந்தரைக்கு ஆரம்பித்து எட்டுக்குள் முடித்துவிடுவது நல்லது. கிராமத்துக்குக் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் பெண்களும் பிள்ளைகளும் பஸ் ஸ்டாண்டில் மாட்டிக்கொள்வார்கள். ஒலிபெருக்கிக்கு ராத்திரி பத்து மணி வரைதான் அனுமதி என்பதால் எட்டு மணி என்று சொல்லவில்லை, பஸ்ஸுக்காகத்தான் சொல்கிறோம்.

கூட்டம் கட்டுக்கடங்காமல் போனால்?

போகாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி. நாற்காலி எத்தனையோ அத்தனை சீட்டு, ஒன்றுகூட அதிகம் இல்லை. பஸ் ஸ்டாண்டிலும் நான்கு ரோட்டிலும் நடிகர் படம் போட்ட பேனர் வைக்க மாட்டோம். காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிப்போம். நடிகர் வரும் வழி, போகும் வழி இரண்டும் பார்வையாளர் வழியிலிருந்து தனியாக இருக்க வேண்டும். வாசலில் தள்ளுமுள்ளு வந்தால் முதலில் நசுங்குவது குழந்தைகள்தான். சீட்டு இல்லாமல் வந்தவர்களைப் பணிவாகத் திருப்பி அனுப்ப, ரசிகர் மன்றத்துப் பையன்களையே தொண்டர்களாக நிறுத்துவது நல்ல பலன் தந்திருக்கிறது. அவர்கள் சொன்னால் மற்ற ரசிகர்கள் கேட்கிறார்கள்.

இதில் அரசியல் இருக்கிறதா?

எம்.ஜி.ஆர். காலம் தொட்டு நம் ஊரில் சினிமா வேறு அரசியல் வேறு என்று இருந்ததில்லை. 1982இல் சத்துணவுத் திட்டத்தை விரிவாக்கியது நடிகராக இருந்து முதல்வரான அவர்தான். அதனால் சந்தேகம் வருவது நியாயம். நாங்கள் கடைப்பிடிப்பது: கொடி இல்லை, கட்சித் துண்டு இல்லை, தேர்தல் நடத்தை விதிகள் அமலில் உள்ள நாட்களில் நிகழ்ச்சி இல்லை. எந்தக் கட்சிக்காரரும் சீட்டு வாங்கி வந்து உட்காரலாம்.

நடிகரிடம் என்ன கேட்கலாம்?

அடுத்த படம், கல்யாணம், சம்பளம் இதெல்லாம் எங்கும் கேட்கலாம். இங்கே வேறு கேளுங்கள்: படிப்பு நிற்கப் போனபோது யார் பிடித்து நிறுத்தினார்கள், ஊரை விட்டு வந்த முதல் ராத்திரி எங்கே தூங்கினீர்கள், தமிழ் உச்சரிப்புக்கு என்ன பயிற்சி என்று. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பிள்ளைகள் பலர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர்கள். அவர்கள் தங்கள் மொழியில் கேட்டால் மேடையில் உள்ளவர் தமிழில் எடுத்துச் சொல்வார்.

நன்கொடைக்கு வரிச்சலுகை உண்டா?

80ஜி என்று நாம் பழக்கத்தில் சொல்லும் சலுகை, அந்தப் பதிவு உள்ள அறக்கட்டளைக்குக் கொடுத்தால்தான். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடைக்காது, வங்கி வழியாகக் கொடுங்கள். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் இது கிடையாது. நுழைவுச்சீட்டுப் பணத்தை நன்கொடையாகக் காட்ட முடியுமா என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நாங்கள் சீட்டுக்கும் நன்கொடைக்கும் தனித்தனி ரசீதுதான் கொடுப்போம்.

சிங்கப்பூரில் இருக்கும் மாமா பணம் அனுப்பலாமா?

அவரிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால், தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி மூலம் அனுப்பலாம். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால் அது வெளிநாட்டு நன்கொடை. 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அதற்கென்று பதிவுபெற்ற அமைப்பு மட்டுமே வாங்க முடியும். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் இதே கதைதான்.

பழைய துணி, பிஸ்கட், பிறந்தநாள் கேக் கொண்டு வரலாமா?

வேண்டாம்.

நேரடியாக ஒரு இல்லத்துக்குக் கொடுக்க நினைக்கிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் பதிவு. இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யாமல் குழந்தைகளைத் தங்க வைத்து இல்லம் நடத்துவது குற்றம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டால் பதிவு உள்ள இல்லங்களைச் சொல்வார்கள். எந்த நேரமும் யார் வேண்டுமானாலும் வந்து குழந்தைகளோடு படம் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு இல்லம் சொன்னால் நாங்கள் தயங்குவோம். அப்புறம், வீட்டில் பாட்டியோ மாமாவோ பார்த்துக்கொள்ள முடிகிற குழந்தை, பணம் இல்லாத ஒரே காரணத்துக்காக இல்லத்துக்குப் போகக் கூடாது. எங்கள் பணத்தில் பெரும்பகுதி வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குப் போவதற்குக் காரணம் அதுதான்.

ஒரு குழந்தையைத் தத்து எடுத்துக்கொள்ள ஆசை. உங்கள் மூலம் முடியுமா?

எங்களால் முடியாது, எந்த அறக்கட்டளையும் தானாகக் கையில் தூக்கிக் கொடுக்க முடியாது. மத்திய தத்துவள ஆதார ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்து காத்திருக்க வேண்டும். 2022 செப்டம்பரிலிருந்து தத்து ஆணையை மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார். ஆஸ்பத்திரியிலோ தரகரிடமோ நேராகக் குழந்தை வாங்குவது சட்டப்படி குற்றம்.

நிகழ்ச்சியில் ஒரு குழந்தை தனக்கு நடந்த கொடுமையைத் தொண்டரிடம் சொன்னால் என்ன செய்வீர்கள்?

நடக்கக்கூடியதுதான். நடிகர் தன் கஷ்டத்தைத் திறந்து பேசும்போது, கேட்கும் குழந்தைக்கும் வாய் திறக்கத் தைரியம் வரும். அதனால் தொண்டர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கிறோம். அமைதியாகக் கேளுங்கள். "நிஜமாவா?" என்று கேட்காதீர்கள். தோண்டித் தோண்டி விசாரிக்காதீர்கள், திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பதே அந்தக் குழந்தைக்கு இன்னொரு கொடுமை. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள், ஏனென்றால் சொல்லித்தான் ஆக வேண்டும். பாலியல் கொடுமை என்றால் போக்சோ சட்டம் 2012இன்படி, தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம், மறைத்தால் அதுவே குற்றம். சொன்னது நல்லது, உன் மேல் தப்பில்லை என்று மட்டும் குழந்தையிடம் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள், இருபத்துநான்கு மணி நேரமும் இலவசம். வீட்டில் உள்ளவர்மேலேயே புகார் என்றால் அவரிடமே குழந்தையை ஒப்படைத்துவிட்டுப் போய்விடக் கூடாது. குழந்தைகள் நலக் குழு அடுத்ததை முடிவு செய்யும் வரை, பொறுப்பான ஒரு பெண் தொண்டர் கூடவே இருப்பார். நடிகரிடமோ மேடையிலோ இது போகாது.

1098 என்ற எண்ணை ஒவ்வொரு சீட்டின் பின்பக்கமும் அச்சடிக்கிறோம். நிகழ்ச்சி முடிந்ததும் சீட்டைக் கிழித்துப் போடாமல் வீட்டில் வையுங்கள்.

கணக்கு எப்போது, எங்கே பார்க்கலாம்?

வரவு எவ்வளவு, மண்டபம், மைக், டிபனுக்கு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்ற முழுக் கணக்கு, சீட்டு வாங்கிய எல்லோருக்கும் ஒரு மாதத்துக்குள் வாட்ஸ்அப்பில் வரும். எத்தனை பிள்ளைகளுக்கு, எந்த வகைச் செலவுக்கு என்பதும் அதில் இருக்கும். பெயர், ஊர், பள்ளி இருக்காது. நான் கொடுத்த பணத்தில் படிப்பவன் யார் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுபவர்களிடம், அவன் வளர்ந்து தானாக வந்து சொன்னால் சந்தோஷப்படுங்கள் என்கிறோம். அதுவரை நாங்கள் சொல்ல மாட்டோம்.